ஜங்க்ல எடுத்த ஃபாமிகாம் டிஸ்க் சிஸ்டம்

ஒசாகா டென் டென் டவுன் பக்கம் பழைய கேம் கடைங்கள்ல 'ஜங்க்'னு எழுதி தனியா ஒரு பெட்டி வெச்சிருப்பாங்க, ஓடுமா ஓடாதான்னு கேக்கக்கூடாது, திருப்பியும் வாங்க மாட்டாங்க, அதனாலதான் விலை கம்மி. அதுல இருந்து ஒரு ஃபாமிகாம் டிஸ்க் சிஸ்டம் தூக்கிட்டு வந்தேன், ரேம் அடாப்டரோட. நின்டெண்டோவோட ஃபாமிகாம் கேம் கன்சோல்ல டிஸ்க்ல இருந்து கேம் ஓட்டறதுக்கான டிரைவ் இது. அடாப்டர் இல்லாத வெறும் டிரைவ்னா எவ்ளோ சீப்பா இருந்தாலும் தொடாதீங்க.

1986 பிப்ரவரி 21ல ஜப்பான்ல மட்டும் 15,000 யென்னுக்கு வந்த ஐட்டம் இது. சிவப்பு டப்பா ஃபாமிகாமுக்கு அடியில உக்காரும், கேட்ரிட்ஜ் சொருகற எடத்துல ரேம் அடாப்டர் போகும். டிஸ்க்ல இருந்து கேம் வந்து எறங்கற 32 கேபி ரேம், கூடுதலா ஒரு சவுண்ட் சேனல் எல்லாம் அந்த அடாப்டருக்குள்ளதான். டிஸ்க் ரெண்டு பக்கமும் சேத்து 112 கேபி, சூப்பர் மரியோவோட கேட்ரிட்ஜே 40 கேபிதான்னா பாத்துக்கோங்க அப்போ அது எவ்ளோ பெருசுன்னு. பழைய கேம் போரடிச்சா அப்போல்லாம் கடைல 500 யென் குடுத்து அதே டிஸ்க்ல வேற கேம் எழுதிக்க முடிஞ்சுது, செம ஐடியா.

சரி டெஸ்ட்டுக்கு வருவோம். மொதல்ல டிஸ்க் போடாமலே ஆன் பண்ணேன், மரியோவும் லூய்ஜியும் ஓடிப்பிடிச்சு லைட்ட மாத்தி மாத்திப் போட்டுட்டு இருந்தாங்க, அப்போ அடாப்டர் ஓகே. டிரைவுக்கு தனி பவர், சி சைஸ் பேட்டரி 6 போடணும், பழசு ஏதாவது உள்ள ஒழுகியிருக்கான்னு பாத்துட்டு போடுங்க. ஜெல்டா கேம் டிஸ்க்க சொருகினேன், மோட்டார் சத்தம் வருது ஆனா ஹெட் (டிஸ்க்க படிக்கற பாகம்) திரும்பி வர்ற அந்த 'டக்' வரவே இல்ல. தொறந்தா எதிர்பாத்த மாதிரியே பெல்ட் உருகி தார் மாதிரி ஒட்டிக்கிட்டு கெடக்கு. இந்த டிரைவ்ல எல்லாருக்கும் வர்ற வியாதிதான், ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால்ல பட்ஸ நனைச்சு நனைச்சு பொறுமையா தொடைக்கணும், கைல பட்டா லேசுல போகாது.

புது பெல்ட் போட்டதும் எரர் 22. இந்த நம்பர பாத்து நெறைய பேர் டிரைவ் செத்துடுச்சுன்னு வித்துடறாங்க, என்னக் கேட்டா இது நல்ல செய்தி. 2ன்னா பவர் வரல, 7ன்னா டிஸ்க்க பக்கம் மாத்திப் போட்டிருக்கோம், 22ன்னா மோட்டார் சுத்துது ஹெட் படிக்கப் பாக்குது ஆனா டிஸ்க்கோட மொத ப்ளாக்கே கெடைக்கல. பெல்ட் மாத்தினதும் இது வந்தா பெரும்பாலும் அலைன்மென்ட்தான், அதாவது டிஸ்க் சுத்தறதும் ஹெட் நகர்றதும் ஒத்துப் போகல. டிஸ்க்க சுத்தற ஹப்ல இருக்கற குட்டி ஸ்க்ரூவ லூஸ் பண்ணி மயிரிழை அளவுக்குத் திருப்பி, டைட் பண்ணி, திரும்பப் போட்டுப் பாத்து, திரும்ப லூஸ் பண்ணி... பொறுமை இல்லாதவங்க வேற ஹாபி பாத்துக்கலாம். கடைசில 22 போய் 27 வந்துச்சு, அதாவது டேட்டாவ படிக்குது ஆனா செக்சம் (படிச்சது சரிதானான்னு பாக்கற கணக்கு) ஒத்து வரல. மஞ்சக் கலர் டிஸ்க்குக்கு ஷட்டரே கெடையாது, தூசி அப்படியே உள்ள போய் ஹெட்ல அப்பிக்கும், ஹெட்ட தொடைச்சதும் டைட்டில் ஸ்க்ரீன் வந்துடுச்சு. கேட்ரிட்ஜ்ல கேட்ட அதே பாட்டு இங்க அந்த எக்ஸ்ட்ரா சேனலோட கேக்கறப்ப வேற லெவல்.

லோட் ஆனா மட்டும் போதாது, எழுதுதான்னும் பாக்கணும். பேர் குடுத்து சேவ் பண்ணி, ஆஃப் பண்ணி, திரும்ப ஆன் பண்ணேன், பேர் இருந்துச்சு. அப்புறம் மெட்ராய்ட்னு இன்னொரு கேம் டிஸ்க் போட்டா மறுபடி 27. ஜெல்டா ரெண்டு பக்கமும் சுத்தமா ஓடறதால டிரைவ் மேல சந்தேகம் இல்ல, அந்த டிஸ்க்தான் போயிருக்கு. திரும்ப எழுதிக் குடுக்கற சர்வீஸும் 2003லயே நின்னு போச்சு, இனி நல்ல காப்பியா ஒண்ணு தேடணும்.