ஊருக்குப் போன பெரியத்தை

"தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நான் செத்துட்டேனா, இல்ல ஊருக்குத்தான் போயிருக்கேனா?"

ஏற்காட்டில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த எஸ்டேட் பங்களாவின் படிக்கட்டில் உட்கார்ந்து, காபி டம்ளரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு அந்த அம்மா கேட்டார். "ஊருக்குத்தாம்மா போயிருக்கீங்க" என்று நான் சொன்னேன். ஏழு வருடம் ஆகப்போகிறது. அந்தப் பதில் பொய்யா இல்லையா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

சீரியலில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்க வேண்டியதில்லை. ஊருக்குப் போனவர் என்றைக்காவது பெட்டியோடு திரும்பி வரலாம். காசிக்குப் போனவர்கூட வரலாம், கோமாவில் கிடப்பவர் கட்டாயம் வருவார். சுவரில் போட்டோவாகிவிட்டால் மட்டும்தான் கால்ஷீட் கிடையாது. அன்று எடுத்த சீனில் அவர், கதையில் எல்லோருக்கும் பெரியத்தை, கோபித்துக்கொண்டு பெட்டியோடு காரில் ஏறுகிறார். கார் கேட்டைத் தாண்டுகிறது. சீன் பேப்பரில் அவ்வளவுதான் இருந்தது. முப்பது வருடம் நாடகமும் அதற்கு மேல் சீரியலும் பார்த்தவர், பேப்பரில் இல்லாததையும் படித்துவிட்டார்.

கேட்டதற்குக் காரணத்தையும் அவரே சொன்னார். "சீட்டு எடுத்துட்டேன் தம்பி. இன்னும் 14 மாசம் கட்டணும். அதுக்குத்தான்."

சொல்லும்போது எனக்கு என்ன தெரியும்? இதைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். அன்று வியாழக்கிழமை. காலையிலேயே டி.ஆர்.பி. வந்துவிட்டது. இறங்கியிருந்தது. சேனலில் எங்கள் தொடரைக் கவனிப்பவர் போனில், "கேரக்டர் ஜாஸ்தியா இருக்கு சார், கொஞ்சம் குறைச்சுக்கலாமே" என்றார். என் சட்டைப்பையில் அடுத்த மாதத்துக்கான ஒன்லைன், அதாவது கதைச் சுருக்கம், மடித்து வைத்திருந்தது. அதில் பெரியத்தை என்ற பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தேன். கேள்விக்குறிதான், பெயரை அடிக்கவில்லை. ஆக, முடிவெடுக்கவில்லை என்பது உண்மை. உண்மைதானா? பேனாவால் போடாமல் பென்சிலால் போட்டேனே, அது எதனால்?

தயாரிப்பாளன் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் வசனம் எழுத வந்த காலத்தில் தயாரிப்பாளர் சேனலுக்கு ஒளிபரப்புக் கட்டணம் கட்டி அரை மணி நேரத்தை வாங்குவார். அதில் வரும் விளம்பர நேரத்தை அவரே விற்றுக்கொள்ள வேண்டும். நஷ்டமானால் வீடு போகும், நன்றாக ஓடினால் வீடு வரும். நான் தயாரிப்பாளரானபோது எபிசோடுக்கு இவ்வளவு என்று சேனலே கொடுக்கும் முறை வந்திருந்தது. அந்தத் தொகைக்குள் 22 நிமிடத்தை எடுத்துத் தர வேண்டும். கதையில் காபி எஸ்டேட் வருகிறது என்று நான்தான் எழுதித் தொலைத்தேன். அதற்காக ஜெனரேட்டர் வண்டியை 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றினோம். மதியம் மூன்று மணிக்கு மூடுபனி இறங்கிவிடும். பாதி சீன் வெயிலிலும் பாதி பனியிலும் இருந்தால் எடிட்டர் என்னைக் கொன்றுவிடுவார். அதனால் பனி விலகும்வரை அறுபது பேர் சில்வர் ஓக் மரங்களையும் அதில் ஏறியிருக்கும் மிளகுக் கொடியையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அத்தனை பேருக்கும் சம்பளம் ஓடும். அந்த அம்மா என்னிடம் கேட்டதும் அப்படிப்பட்ட ஒரு பனி நேரத்தில்தான்.

அவருக்கு மட்டும் மேலே ரூம் போடவில்லை. வீடு சேலத்தில் குகை ஏரியா பக்கம்தானே, வந்து போகட்டும் என்று மேனேஜர் சொன்னார், நானும் சரி என்றேன். காலையில் முதல் பஸ் பிடித்து, எலுமிச்சம்பழத்தை மூக்கருகே வைத்துக்கொண்டு வளைவுகளைத் தாண்டி வருவார். ஒருநாள்கூட லேட் இல்லை. ரூம் வாடகை மிச்சமானதை எழுதியாயிற்று, இதையும் எழுதத்தானே வேண்டும்.

இதுவரை எழுதியதை வாசித்தால் சேனலும் டி.ஆர்.பி.யும் பனியும் சேர்ந்து அவரைக் கதையிலிருந்து எடுத்துவிட்டது போலத் தோன்றும். நண்பர்களிடம் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். ஆனால் சேனல் யார் பெயரையும் சொல்லவில்லை. குறைக்க வேண்டுமென்றால் வில்லியின் தம்பியைத் துபாய்க்கு அனுப்பியிருக்கலாம். ஒருவரும் தேடியிருக்க மாட்டார்கள். பெரியத்தையைத் தேர்ந்தெடுத்தது நான். அதுவும் தயாரிப்பாளனாக இருந்த நான் இல்லை, எழுத்தாளனாக இருந்த நான். ஊருக்குப் போனால் ஒரு சீன். செத்துப்போனால் ஒரு வாரம்: செய்தி வருகிறது, மருமகள் மயங்குகிறாள், கடைசியாகக் கோபித்துக்கொண்டு போனாரே என்று மகன் சுவரில் முட்டிக்கொள்கிறான், பதினாறாம் நாள், அப்புறம் பெட்டிக்குள் ஒரு கடிதம். லாட்ஜில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு இது தோன்றியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதுகிற யாருக்கும் இருக்கும். சீட்டு நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தாலும் எழுதியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு போன்காலிலேயே அவரைச் சாகடித்தோம். "பெரியத்தை போயிட்டாங்களாம்" என்று ஒருவர் சொல்வார், அவ்வளவுதான். பாடையில் படுக்க வைத்து எடுத்திருந்தால் அவருக்கு ஒரு நாள் சம்பளமாவது போயிருக்கும், பூசணிக்காய் உடைத்துத் திருஷ்டி கழித்திருப்போம், கையில் தனியாக ஏதாவது கொடுத்திருப்போம். அதுவும் இல்லை. பழைய கல்யாண சீன் ஸ்டில் ஒன்றில் ஓரத்தில் சிரித்துக்கொண்டு நின்றார். அதை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி, சேலம் முதல் அக்ரஹாரத் தெருவில் ஒரு கடையில் பிரேம் போட்டு வாங்கி வந்தார்கள். பெரிதாக்கியதில் முகம் கொஞ்சம் கலங்கித்தான் இருந்தது. வலது தோளில் யாரோ ஒருவருடைய விரல்கள் தெரிந்தன. மாலை போட்டதும் அது மறைந்துவிட்டது.

யாரும் அவருக்குச் சொல்லவில்லை. மேனேஜர் சொல்லியிருப்பார் என்று நான் இருந்தேன், நான் சொல்லியிருப்பேன் என்று மேனேஜர் இருந்தார். ஒளிபரப்பான மறுநாள் அவரே கூப்பிட்டார். சண்டைக்குத் தயாராகத்தான் போனை எடுத்தேன்.

"தம்பி, அந்தக் கார் ஏறுற சீன் புடவை, பச்சைல அரக்கு பார்டர் போட்டது, கன்டினியூட்டின்னு தனியா மடிச்சு வெச்சிருக்கேன். இனிமே கட்டிக்கலாங்களா?"

காரில் ஏறியவர் காரிலிருந்து இறங்கும்போது அதே புடவையில் இருக்க வேண்டும். சொந்தப் புடவை. என் ஒரு வார்த்தையை நம்பி மூன்று வாரமாகக் கட்டாமல் வைத்திருக்கிறார். "கட்டிக்கோங்கம்மா" என்றேன். "சரிங்க" என்று வைத்துவிட்டார். சண்டை போட்டிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

மலையிலிருந்து இறங்கி சேலத்துக்குள் வரும் வழியில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவாயில் வளைவு நிற்கிறது. 1935ல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய ஸ்டுடியோ. 1956ல் தமிழின் முதல் முழுநீளக் கலர் படம் வந்தது இங்கிருந்துதான். எஞ்சியிருப்பது அந்த முகப்பு மட்டும். சின்ன வயதில் உள்ளே கூட்டத்தில் நின்றதாக அந்த அம்மா ஒருமுறை வேனில் சொன்னார். "அங்க எழுதறவங்களுக்கும் நடிக்கறவங்களுக்கும் மாசச் சம்பளம் தம்பி" என்றார். ஸ்டுடியோவே ஆட்களைச் சம்பளத்துக்கு வைத்திருந்த காலம் அது. கதையில் செத்தாலும் ஒன்றாம் தேதி சம்பளம் வந்துவிடும். அந்தக் காலம் பொற்காலம் என்று எழுதக் கை போகிறது. ஆனால் முதலாளி சொன்னால் சொன்னதுதான் என்ற கண்டிப்பைப் பற்றியும் அதே பழைய ஆட்கள்தான் பேசுவார்கள். மாசச் சம்பளம் இருந்திருந்தால் நான் நல்லவனாக இருந்திருப்பேன் என்பதும் ஒரு சமாளிப்புதான். அன்று என்னைக் கேட்டது ஒரே கேள்வி. "இன்னும் முடிவு பண்ணலம்மா" என்று சொல்ல எந்த முதலாளியும் தேவையில்லை. வேலைக்கு நடுவில் அவர் முகம் வாடிவிடக்கூடாது, அடுத்த ஷாட் இருக்கிறது என்றுதான் அப்படிச் சொன்னேன். இரக்கம் என்று அப்போது நினைத்தேன்.

போட்டோ நன்றாக வேலை செய்தது. மருமகள் அழ வேண்டிய போதெல்லாம் அதன் முன்னால் போய் நின்றாள். தொடர் முடியும்வரை அந்த அம்மா உயிரோடு வந்த எபிசோடுகளைவிட மாலையோடு வந்தவைதான் அதிகம். போட்டோவுக்குப் பேட்டா கிடையாது. தொடர் முடிந்து செட்டைப் பிரித்தபோது அதை ஆபீசுக்கு எடுத்து வந்தேன். உயிரோடு இருக்கிற ஒருவரின் அப்படிப்பட்ட படத்தைக் குப்பையில் போட மனம் வரவில்லை, அவரிடம் கொண்டுபோய்க் கொடுக்கவும் முடியவில்லை. பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து இருக்கிறது.

புதிதாக எழுதும் கதையில் ஒரு பாட்டி வருகிறார். போன வாரம் மேனேஜர் அந்த அம்மாவின் பெயரைச் சொன்னார். பார்க்கலாம் என்றிருக்கிறேன்.