கட்டிய சுங்க வரியைத் திரும்பக் கேளுங்கள், அண்ணாச்சி

"கட்டுனது கட்டுனதுதாம்மா. சர்க்கார் கைக்குப் போன காசு திரும்பி வரவா போவுது?" வெளிநாட்டு மரம் இறக்கி, செங்கோட்டைப் பக்கம் அறுவை மில் வைத்திருக்கும் அண்ணாச்சிமார் பலர், சுங்க வரி கூடக் கட்டிவிட்டால் இப்படித்தான் பேசுகிறார்கள். தூத்துக்குடியில், துறைமுகச் சரக்குக்குச் சுங்க வேலைகளை முடித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவள் நான், வீடு பாளையங்கோட்டை. இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு மனசு ஆறுவதில்லை. தவறுதலாகக் கூடக் கட்டிய வரி அவர்கள் காசு. அதைத் திரும்பக் கேட்க 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 27-வது பிரிவிலேயே வழி இருக்கிறது. கட்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் கேட்க வேண்டும். அதை விட்டால்தான் அது போன காசு.

ஒரு மர வியாபாரிக்கு நடந்ததைச் சொல்கிறேன். வெளிநாட்டிலிருந்து அவருடைய மரத்தடி கன்டெய்னர் கணக்கில் வந்திறங்கியது. இன்வாய்ஸ் விலையிலேயே கப்பல் கூலியும் இன்சூரன்ஸும் அடங்கியிருந்தன. ஆனால் பில் ஆஃப் என்ட்ரி, அதாவது சுங்கத்துக்குக் கொடுக்கும் இறக்குமதிக் கணக்குப் படிவம் போட்டவர்கள் அதை வெறும் சரக்கு விலையாகக் காட்டிவிட்டார்கள். கப்பல் கூலி தெரியாத இடத்தில் சரக்கு விலையில் 20 சதவீதமும், இன்சூரன்ஸ் தெரியாத இடத்தில் 1.125 சதவீதமும் சேர்க்கச் சொல்கிறது 2007-ஆம் ஆண்டு மதிப்பீட்டு விதி. அப்படிச் சேர்ந்துவிட்டது. ஒரே கூலிக்கு ரெண்டு தடவை வரி.

சரக்கு 50 லட்சம், அடிப்படை வரி 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மதிப்பில் 10,56,250 ரூபாய் வீணாக ஏறிவிடும். அதற்கு வரி 52,812 ரூபாய், அந்த வரியின் மேல் 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி. ஆக 58,000 ரூபாய்க்கு மேல் கையை விட்டுப் போகும். இறக்குமதிக்குக் கட்டும் ஜிஎஸ்டியான ஐஜிஎஸ்டியும் கூடத்தான் போயிருக்கும், ஆனால் அதை உள்ளீட்டு வரிக் கழிவில் (விற்பனைக்குக் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து) எடுத்திருந்தால் மறுபடி ரீஃபண்டாகக் கேட்கக் கூடாது.

நேராக ரீஃபண்ட் மனு போட்டால் நிற்காது. இதைத் தெரியாமல் அலைகிறவர்கள்தான் அதிகம். ஐடிசி கம்பெனி வழக்கில் 2019-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: வரி மதிப்பீடு திருத்தப்படாதவரை ரீஃபண்ட் கிடையாது. அப்பீலுக்குப் போகலாம், அல்லது 149-வது பிரிவில் பில் ஆஃப் என்ட்ரியைத் திருத்தக் கேட்கலாம். திருத்தத்துக்குக் காட்டும் ஆதாரம் சரக்கு வெளியே வந்த நாளிலேயே இருந்த காகிதமாக இருக்க வேண்டும். நம்ம வியாபாரிக்கு அது கையிலேயே இருந்தது. கூலியும் இன்சூரன்ஸும் சேர்ந்த விலை என்ற நிபந்தனை இன்வாய்ஸில் இருந்தது, கப்பல் கம்பெனி கொடுக்கும் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங்கில் கூலி முன்னாலேயே கட்டியாச்சு என்ற குறிப்பும் இருந்தது. 2025 நிதிச் சட்டம் 18ஏ என்ற புதுப் பிரிவையும் கொண்டுவந்தது. சரக்கு சுங்கத்தை விட்டு வெளியே போன பிறகு இறக்குமதியாளரே விவரத்தைத் திருத்தி, அதையே ரீஃபண்ட் மனுவாகக் கொள்ள அது இடம் தருகிறது. சின்ன வியாபாரிகளுக்கு இது நல்ல வழி என்று நினைக்கிறேன்.

அப்புறம் வருவதுதான் கடினமான கட்டம். கூடக் கட்டிய வரியை நீங்கள் விலையில் ஏற்றி வாங்கினவர் தலையில் வைத்திருந்தால், பணம் உங்களுக்கு வராது, நுகர்வோர் நல நிதிக்குப் போய்விடும். வாங்கினவர் சுமந்த காசு உங்களுக்கு எப்படிச் சேரும்? அது நியாயமான சட்டம் என்றே நான் சொல்வேன். ஆனால் ஏற்றியிருப்பீர்கள் என்றே 28டி பிரிவு முதலில் எடுத்துக்கொள்கிறது. ஏற்றவில்லை என்று காட்ட வேண்டியது உங்கள் பொறுப்பு. நம்ம வியாபாரி முந்தின லோடுக்குப் போட்ட அதே கன அடி விலைக்கே இந்த லோடையும் விற்றிருந்தார். ரெண்டு லோடின் விற்பனை பில்லும் பத்திரமாக இருந்தன. ஆடிட்டர் சான்றிதழ் வாங்கினோம். அதோடு, அந்தத் தொகையை வருடக் கணக்கில் செலவாக எழுதாமல், வர வேண்டிய பாக்கியாகக் காட்டச் சொன்னோம். செலவு என்று எழுதிவிட்டால் விலையில் ஏற்றிவிட்டதாகத்தான் அர்த்தம் எடுப்பார்கள். மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் முன்னால் ஆடிட்டரிடம் இதைச் சொல்லிவிட வேண்டும்.

மனு கொடுத்ததும் தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். மனு சேர்ந்து மூன்று மாதத்துக்குள் பணம் வராவிட்டால், அதற்கு மேற்பட்ட நாட்களுக்கு 6 சதவீத வட்டி உண்டு. நூறு ரூபாய்க்குக் குறைந்த தொகை மட்டும் கிடைக்காது.

வரி விகிதத்திலேயே தகராறு, ஆனால் சரக்கு துறைமுகத்தில் கிடந்து வாடகை ஏறுகிறது என்றால், ஆட்சேபத்துடன் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள். அப்படிக் கட்டின வரிக்கு அந்த ஒரு வருடக் கெடு இல்லை.

வந்த பொருளே தப்பாக இருந்தால் வேறு வழி. அம்பாசமுத்திரம் அரிசி ஆலைக்கு வெளிநாட்டிலிருந்து அளவு மாறி ஒரு மெஷின் வருகிறது என்று வையுங்கள். ஓட்டிப் பார்க்காமல், வரி கட்டிய இரண்டு வருடத்துக்குள் திருப்பி அனுப்பினால், 74-வது பிரிவில் கட்டிய வரியில் 98 சதவீதம் டிராபேக்காக, அதாவது பொருள் திரும்பப் போனதற்காகத் தரும் வரியாகக் கிடைக்கும். வந்த அதே பொருள்தான் போகிறது என்று கப்பலேறும் முன்னால் சுங்க அதிகாரி பார்த்து உறுதி செய்ய வேண்டும். சீரியல் நம்பர் தகட்டைக் கழற்றி வைத்துவிடாதீர்கள். ஏற்றுமதி அனுமதி கிடைத்து மூன்று மாதத்துக்குள் மனு போட வேண்டும்.

மருந்துக்கு உதவும் நிலாவாரை இலையை வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள் அமெரிக்க வரியைப் பற்றிக் கேட்கிறார்கள். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்கு பலவற்றுக்கு 50 சதவீத வரி போட்டபோது, வாங்குகிறவர் மனம் கோணாமலிருக்க இங்கே விலையைக் குறைத்துக் கொடுத்தவர்கள் உண்டு. வேதனைதான். ஆனால் அந்த வரியை அங்கே கட்டினது அமெரிக்க இறக்குமதியாளர். எந்த ரீஃபண்ட் வந்தாலும் அவர் பெயருக்குத்தான் போகும், இங்கிருந்து நாம் மனு போட முடியாது. வரி திரும்பக் கிடைத்தால், நாம் குறைத்த அளவுக்கு நமக்குத் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் கேட்கலாம். பழைய ஆர்டருக்கு எழுதவில்லை என்றாலும் வாங்குகிறவருக்கு ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள். அடுத்த ஆர்டரில் விலை குறைக்கச் சொன்னால், அந்த நிபந்தனையை எழுதி வாங்கிவிட்டுக் குறையுங்கள்.