ஒரு டிக்

ஜூலை 3
கப்பலிலிருந்து வீட்டுக்காரரின் கடைசிச் சேதி: 'ஆப்பிரிக்கா முனை, கேப் பக்கம் வந்தாச்சு, அலை ஜாஸ்தி.' அதுக்கப்புறம் நான் அனுப்பிய எதற்கும் இரண்டாவது டிக் விழவில்லை.

ஜூலை 4
தூக்கமில்லை. மறுபடியும் விமானி ஹாரி ஹாக்கரின் கதைக்குப் போய்விட்டேன்.

1919 மே 18. நியூஃபவுண்ட்லாந்திலிருந்து ஹாரி ஹாக்கரும் கடற்படை அதிகாரி மெக்கன்சி கிரீவும் கிளம்புகிறார்கள். அட்லாண்டிக்கை நிற்காமல் தாண்டினால் டெய்லி மெயில் பத்திரிகை 10,000 பவுண்டு தரும். மேலே ஏறியதும் சக்கரங்களைக் கழற்றி விட்டுவிட்டார்கள், வேகம் கூடுமே என்று. பாதிக் கடலில் ரேடியேட்டர் தண்ணீர் கொதித்துப்போனது. மேரி என்ற டென்மார்க் கப்பல் கண்ணில் பட, அதன் அருகே கடலில் இறக்கினார் ஹாக்கர். இரண்டு பேரையும் கப்பலில் ஏற்றிக்கொண்டார்கள்.

மேரியில் வயர்லெஸ் கிடையாது. அவர்கள் சாப்பிட்டார்கள், தூங்கினார்கள், கரையில் ஒருவருக்கும் தெரியாது. ஒரு வாரம்!

ஜூலை 5
அத்தை பனிமய மாதாவுக்கு மெழுகுவத்தி நேர்ந்திருக்கிறார்.

ஜூலை 6
கப்பல் ஏஜென்ட்டுக்கு நாலு முறை போன். "நெட் இருக்காதும்மா." சரி.

ஜூலை 7
எதிர்வீட்டு அக்கா வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கையை உருவிக்கொண்டேன். இன்னும் ஒன்றும் ஆகவில்லையே, எதற்கு அழுகை? ஹாக்கரின் மனைவி முரியலுக்கு மன்னர் ஐந்தாம் ஜார்ஜே இரங்கல் தந்தி அனுப்பிவிட்டார். மன்னரே சொன்னாலும் அவள் நம்பவில்லை. அவர் இருக்கிறார் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டில் சின்னப் பெண்குழந்தை வேறு.

மே 25, ஞாயிறு. ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவு முனையில் மேரி கொடி ஏற்றிச் சேதி சொல்கிறது. கரையிலிருந்து கொடியிலேயே கேட்கிறார்கள், ஹாக்கரா? ஆமாம்.

அந்த 'ஆமாம்' வரைக்கும் படித்துவிட்டுப் போனை வைத்துவிடுகிறேன். 1921-ல் அவருக்கு என்ன ஆனது என்று தெரியும். அதைப் படிக்கமாட்டேன்.

ஜூலை 8
ஒரு டிக்.

ஜூலை 9
மூன்றே வாரத்தில், ஜூன் 14 அன்று, ஆல்காக், பிரவுன் என்ற இன்னும் இரண்டு விமானிகள் அதே நியூஃபவுண்ட்லாந்திலிருந்து கிளம்பிவிட்டார்கள். இருவரும் போரில் பறக்கப் போய்ப் பிடிபட்டவர்கள், ஒருவர் துருக்கியரிடம், ஒருவர் ஜெர்மானியரிடம். ஏறிய கொஞ்ச நேரத்தில் இவர்களுடைய வயர்லெஸ்ஸும் செத்தது. 16 மணி நேரம் பனிமூட்டமும் மழையும். அயர்லாந்தில் கிளிஃப்டன் பக்கம் புல்தரை என்று நினைத்து இறங்கியது சதுப்பில், மூக்குக் குத்தி. இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை.

பிரவுனுக்குப் பெண் நிச்சயமாகியிருந்தது. எல்லாரும் விமானத்தைப் பற்றியே எழுதுகிறார்கள். நான் அவளைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த 16 மணி நேரம் அடுப்பு பற்றவைத்திருப்பாளா?

சாயங்காலம் சின்னவன் பொம்மை விமானத்தின் சக்கரங்களைப் பிடுங்கிவிட்டான். "தண்ணில எறங்க சக்கரம் எதுக்கும்மா?" நான்தான் கதை சொல்லிக் கெடுத்தேன். இரண்டு சக்கரத்தையும் பொறுக்கி ஊசிநூல் டப்பாவில் போட்டேன். ஒன்றில் அவன் பல் பட்ட தடம்.

ஜூலை 10
ஏஜென்ட் ஆபீசுக்கு நேரிலேயே போகிறேன். வீட்டுக்காரருடைய சிடிசி (கப்பல் பணியாளர் புத்தகம்) நகல், தண்ணீர் பாட்டில் எடுத்து வைத்தாயிற்று. ஆறரை பஸ்.