குனிந்தால் அடைக்கும் தொண்டை

நாவற்பழம் தின்றதுபோல நாக்கின் ஓரத்தில் ஒரு நீலத் திட்டு எனக்குப் பிறவியிலேயே உண்டு. வயது ஏறினால் மறைந்துவிடும் என்று பாட்டியிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். மறையவில்லை. இரண்டாவது மகள் வயிற்றிலிருந்தபோது அது உள்ளேயும் பெருத்துவிட்டது. மார்கழியில் குனிந்து கோலத்தில் நாலு இழை இழுப்பதற்குள் தொண்டை அடைக்கும், குரல் குழறும். நிமிர்ந்தால் சற்று நேரத்தில் சரியாகும். மல்லாந்து படுக்கவே முடியாது. தூக்கத்தில் என் மூச்சு நின்று நின்று வருவதைப் பார்த்து என் கணவர் விடிய விடிய உட்கார்ந்திருப்பார்.

முதலில் போன இடத்தில் டான்சில் வீக்கம் என்றார்கள். சிறு துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்ப நாளும் குறித்தார்கள். அன்று காய்ச்சல் வந்ததால் போகவில்லை. அந்தக் காய்ச்சல் வந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் உடம்பு நடுங்குகிறது.

வேறொரு மருத்துவமனையில், மூக்கு வழியே மெல்லிய கேமராக் குழாயை விட்டபடியே மருத்துவர், "அம்மா, மூச்சை அடக்கி முக்குங்கள்" என்றார். நாக்கின் அடியில் தொடங்கிக் குரல்வளை மூடி வரை ஊதா நிறத்தில் ஒரு திராட்சைக் கொத்து, திரையில் என் கண்ணெதிரே உப்பியது. "இது புற்றுநோய் இல்லை. சிரைகள் கருவிலேயே பிறழ்ந்து அமைந்துவிட்டன. வீனஸ் மால்ஃபார்மேஷன் என்போம். கண்ணை மூடிக்கொண்டு கத்தி வைத்தால் ரத்தம் கொட்டும்" என்றார். குழந்தைகளுக்கு வந்து தானாகவே சுருங்கும் ஹெமாஞ்சியோமா என்ற ரத்தநாளக் கட்டி வேறு, இது வேறு. 1982இல் மல்லிக்கன், குளோவாக்கி என்ற இரு ஆய்வாளர்கள் இந்த இரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்களாம். பாட்டிக்குச் சொல்லப்பட்டது முதல் வகையின் கதை. என்னுடையது இரண்டாவது.

எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகே சிகிச்சையைப் பற்றிப் பேசினார்கள். ஸ்கேன் பார்த்தபடி ஊசியால் குத்தி, அந்தச் சிரைகளுக்குள் மருந்து செலுத்திச் சுருங்கவைப்பது. ஸ்கிளீரோதெரபி என்று பெயர். ஆனால் மருந்து போனதும் முதலில் வீங்கும். வீங்கும் இடமோ மூச்சுப் பாதை. அதனால் முன்கூட்டியே கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைக்க வேண்டும் என்றார்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் அழுதுவிட்டேன்.

மயக்கம் கொடுத்தால் மூச்சு அடைத்துக்கொள்ளும் என்பதால், கழுத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, நான் விழித்திருக்கும்போதே செய்தார்கள். தலைமாட்டில் நின்ற செவிலியர் கையை விடவேயில்லை. "அக்கா, என்னைப் பாருங்கள், மெதுவாக மூச்சு விடுங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். குழாய் உள்ளே போனதும் குரல் போயிற்று. காற்று மட்டும் தாராளமாக வந்தது. எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு அன்றிரவுதான் மல்லாந்து தூங்கினேன்.

எனக்குக் கொடுத்தது பிளியோமைசின். மற்ற மருந்துகளைவிட வீக்கம் குறைவு. ஆனால் நுரையீரலைப் பாதிக்கக்கூடும் என்பதால் முன்பே ஊதவைத்துச் சோதித்தார்கள். மொத்த அளவையும் குறித்துவைத்தார்கள். இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும்: ஊசி போட்ட அடுத்த சில நாட்கள் தோலைச் சொறியக் கூடாது, ஒட்டியிருக்கும் பிளாஸ்திரியைப் பிய்க்கக் கூடாது. எனக்கு மார்பில் ஒட்டிய ஒரு பட்டையை யாரோ அவசரத்தில் உரித்துவிட்டார்கள். அந்தச் சதுரம் பல மாதம் கறுத்தே கிடந்தது.

இரண்டு மாதத்துக்கு ஒன்றாக நான்கு முறை ஊசி போட்டார்கள். வீட்டில் குழாயின் உட்பகுதியைக் கழற்றிக் கழுவ என் கணவர் கற்றுக்கொண்டார். பேச வேண்டுமானால் விரலால் குழாயை மூட வேண்டும். சின்னவள் பேச்சின் நடுவே ஓடிவந்து தன் விரலை வைப்பாள்.

நான்காவது முறைக்குப் பிறகு ஒரு நாள் முழுக்கக் குழாயை மூடிவைத்துப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தார்கள். கொத்து அடியோடு போகவில்லை. இது முற்றிலும் போகாது, மீண்டும் பெருத்தால் மீண்டும் ஊசி என்பதை முதல் நாளே சொல்லியிருந்தார்கள். மூச்சுக்கு வழி விட்டு ஒதுங்கியிருக்கிறது, இப்போதைக்கு அது போதும்.

பிளியோமைசின் ஏறிய உடம்புக்கு, வேறு எந்த அறுவைச் சிகிச்சையானாலும் தேவைக்கு மேல் ஆக்ஸிஜன் வைப்பது நுரையீரலுக்கு ஆபத்தாகலாம். அதனால் மருந்தின் பெயரும் அளவும் எழுதிய சீட்டு ஒன்றை ஆதார் அட்டையோடு வைத்திருக்கிறேன். இருக்கும் இடத்தை இரண்டு மகள்களுக்கும் காட்டியிருக்கிறேன்.