ஆவணியில் தொடங்கினால் மார்கழியில் 42 கிலோமீட்டர்

சென்னை மாரத்தான் ஜனவரித் தொடக்கத்தில் வரும். அங்கிருந்து 20 வாரம் பின்னோக்கி எண்ணினால் ஆவணி பிறந்திருக்கும். ஆடிக் காற்றும் புழுதியும் அடங்கியிருக்கும். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் ஓட ஆரம்பிக்க அதுதான் சரியான நேரம். முதல்முறை ஓடுபவர்கள் செய்யும் தப்பு, 20 வாரத்தையும் ஓட்டத்தாலேயே நிரப்பி அட்டவணை போடுவது. 16 வாரத்துக்கு மட்டும் போடுங்கள். மீதி 4 வாரம் காய்ச்சலுக்கு, கால்வலிக்கு, ஐப்பசி மழைக்கு, தீபாவளிக்கு. எப்படியும் செலவாகிவிடும்.

ஆரம்பத்திலேயே நிற்காமல் 8 கிலோமீட்டர் ஓட வரவேண்டும். வரவில்லையென்றால் இந்த வருஷம் அரை மாரத்தான், அதாவது 21.1 கிலோமீட்டர் போதும். வாரத்துக்கு நான்கு நாள் ஓட்டம்: இரண்டு நாள் மெதுவாக 6 முதல் 8, ஒரு நாள் 10 (நடுவில் 3, 4 கிலோமீட்டர் கொஞ்சம் வேகமாக), ஞாயிற்றுக்கிழமை லாங் ரன், அதாவது அந்த வாரத்தின் நீண்ட ஓட்டம். லாங் ரன் 10, 12, 14 என்று ஏறி, நான்காவது வாரம் 10-க்கு இறங்கும். அடுத்த சுற்று 16-இல் தொடங்கும். உச்சம் 30 கிலோமீட்டர் அல்லது மூன்றரை மணி நேரம், எது முதலில் வருகிறதோ அது. கடைசி மூன்று வாரம் குறைத்துக்கொண்டே வரவேண்டும். மெதுவாக என்றால், பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம். அந்த வேகம் அவமானமாகத் தோன்றும், பரவாயில்லை.

தடம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரிக்காரர்களுக்குக் கே.ஆர்.பி. அணையின் வாய்க்கால் கரை மண்பாதை வரம்: தார் ரோட்டைவிட மிருது, லாரி கிடையாது. மழை பெய்தால் களிமண் ஷூவில் அப்பிக்கொண்டு ஒவ்வொரு காலும் அரைக் கிலோ கனக்கும். அன்றைக்கு மட்டும் ரோடு. தேசிய நெடுஞ்சாலை 44-இல் ஓடாதீர்கள். தொப்பூர்க் கணவாய்ப் பக்கம் எண்ணமே வேண்டாம். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஜவளகிரிப் பக்கத்து ஆட்கள் கேழ்வரகு அறுவடைக் காலத்தில் விடியுமுன் வெளியே போகக்கூடாது. ஆனைகளுக்கும் அதுதான் சீசன். தார் ரோட்டில் எதிரே வண்டி வரும் வலப்பக்கம் ஓடுவதுதான் பாதுகாப்பு. ஆனால் ரோடு ஓரத்தில் சாய்வாக இருக்கும். மாதக்கணக்கில் ஒரே சாய்வில் ஓடினால் இடுப்பும் முழங்காலின் வெளிப்புறமும் வலிக்கும். வண்டி இல்லாத கிராமத்து ரோட்டில் நடுவில் ஓடுங்கள். வாரத்துக்கு ஒரு நாளாவது சமதளமான மைதானத்துக்குப் போங்கள். இறக்கத்தில் தாவாமல் சின்னச் சின்ன அடி.

முதலில் வரும் தடங்கல் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே, கால் எலும்பின் உள்விளிம்பில். ஆறாவது, ஏழாவது வாரத்தில் வரும். மூச்சு பழகிவிட்டது, எலும்பு இன்னும் பழகவில்லை, அதுதான் காரணம். விரலால் தடவிப் பாருங்கள். நான்கைந்து விரற்கடை நீளத்துக்குப் பரவலாக வலித்தால் ஷின் ஸ்ப்ளின்ட். ஒரு வாரம், பத்து நாள் நிறுத்திச் சைக்கிள் மிதித்தால் அடங்கும். ஒரே புள்ளியில் சுருக்கென்று குத்தினால், ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தால், ஒற்றைக் காலில் குதிக்க முடியாவிட்டால், எலும்பில் விரிசலாக இருக்கலாம். எலும்பு மருத்துவரைப் பாருங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமல் போவதும் உண்டு. விரிசல் என்று உறுதியானால் குறைந்தது ஆறு வாரம் ஓய்வு. இந்த ஜனவரி கிடையாது.

காலையில் கட்டிலிலிருந்து இறங்கும் முதல் அடியிலேயே குதிகால் வலித்தால் பாதத்தின் அடித்தசை நாரில் பிரச்சினை. படியின் விளிம்பில் நின்று, கால்விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, மூன்று விநாடியில் ஏறி, இரண்டு விநாடி நின்று, மூன்று விநாடியில் இறங்குங்கள். 12 தடவை, மூன்று சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். பலன் தெரிய வாரக்கணக்காகும். பத்து நாளில் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

மழைக்காலம் என்றால் காய்ச்சல். மாத்திரை போடாமலே உடம்பு சூடு இறங்கி மூன்று நாளாவது ஆகவேண்டும், அதற்கப்புறம்தான் ஷூ. டெங்கு சந்தேகம் இருந்தால் இபுபுரூஃபன், ஆஸ்பிரின் தொடக்கூடாது, ரத்தக்கசிவு ஆபத்து. பாராசிட்டமால் மட்டும், அதுவும் மருத்துவர் சொல்லும் அளவில். டெங்கு போனபிறகும் அசதி வாரக்கணக்கில் இருக்கும்.

திரும்பி வருவதற்கு ஒரு கணக்கு: ஐந்து நாள் விட்டுப்போனால் எதுவும் நடக்காததுபோலத் தொடருங்கள். ஒரு வாரம் போனால், நிறுத்திய வாரத்தையே மறுபடி ஓடுங்கள். இரண்டு வாரம் போனால் பழைய தூரத்தில் 70 சதவீதம். மூன்று, நான்கு வாரம் என்றால் பாதி. மாரத்தானுக்கு மீதம் பத்து வாரத்துக்குக் குறைவு என்றால் 21.1-க்கு மாறிக்கொள்வதே நல்லது. விட்ட கிலோமீட்டரை அடுத்த வாரத்தில் சேர்த்து ஓடுவது வட்டிக்கு மேல் வட்டி. காலைப் பிடிக்கும் வலியில் பாதி அப்படித்தான் வருகிறது.

சாப்பாடு. களி இந்த மண்ணின் சாப்பாடு, வாரம் முழுக்கச் சாப்பிடலாம். லாங் ரன்னுக்கு முந்தின ராத்திரி மட்டும் வேண்டாம், நார்ச்சத்து வயிற்றைக் கலக்கும். சோறு, ரசம், தயிர் போதும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடினால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போகவேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறத்தாழ 25 கிராம். பசித்தபிறகு சாப்பிட்டுப் பயனில்லை, 40-ஆவது நிமிஷத்திலேயே ஆரம்பியுங்கள். உடம்பின் சேமிப்பு 30 கிலோமீட்டரை ஒட்டித் தீரும். ஓடுபவர்கள் சுவர் என்று சொல்வது அதைத்தான். ஒரு லிட்டர் தண்ணீரில் சர்க்கரை ஆறு மட்ட டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன் கரைத்து எடுத்துப் போங்கள். வெறும் தண்ணீரை மடமடவென்று குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து தலைசுற்றும், வாந்தி வரும். ஓடுமுன்னும் பின்னும் எடை பாருங்கள்: ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் வியர்வை. ஓடி முடித்து எடை கூடியிருந்தால் அதிகம் குடித்துவிட்டீர்கள்.

ஷூவைச் சாயங்காலம் வாங்குங்கள், பாதம் வீங்கியிருக்கும். கால் பெருவிரலுக்கு முன்னால் கைக் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இல்லாவிட்டால் நகம் கறுத்து விழும். பருத்திப் பனியன் வியர்வையில் கனத்துத் தோலை உரசும். உரசும் இடத்தில் வாஸ்லின் தடவுங்கள்.

ஒன்றைப் பலரும் மறக்கிறார்கள். மார்கழி விடியலில் இங்கே பனி. அந்தக் குளிரில் வந்த வேகம் சென்னையின் ஈரக்காற்றில் வராது. கடைசி இரண்டு வாரம் நான்கைந்து நாளாவது மதியம் மூன்று மணி வெயிலில் மெதுவாக 5 கிலோமீட்டர் ஓடிப் பழகுங்கள். ஓட்டத்தன்று கிலோமீட்டருக்கு 15, 20 விநாடி மெதுவாகத் தொடங்குங்கள்.

கிருஷ்ணகிரியில் ரயில் நிலையம் கிடையாது, பஸ்தான். வெள்ளிக்கிழமையே கிளம்பினால் பிப் (மார்பில் குத்திக்கொள்ளும் எண் அட்டை) வாங்கவும் தூங்கவும் நேரம் இருக்கும். ஓட்டத்தன்று காலையில் பெரும்பாலும் பிப் தரமாட்டார்கள். திரும்பும் பஸ்ஸில் நடைபாதை ஓர சீட் கேளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருதரம் எழுந்து நிற்காவிட்டால், ஊரில் இறங்கும்போது படிக்கட்டைப் பின்பக்கமாகத்தான் இறங்க வேண்டியிருக்கும்.