குழந்தைக்கு ஊட்டுவது யார் முடிவு?

முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர்கூட வேண்டியதில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதைக் கேள்விப்படாத தாய்மார்கள் எனக்குத் தெரிந்தவரை குறைவு. கேள்விப்பட்டும் நான்காம் மாதத்திலேயே வேறு உணவைத் தொடங்கியவர்கள்தான் அதிகம். ஆகவே, இதற்கு அறியாமை என்று பெயரிட்டு, மேலும் ஒரு துண்டறிக்கையை அவர்கள் கையில் திணிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

சமூக நெறிகளை ஆராயும் தத்துவ அறிஞர் கிறிஸ்டினா பிக்கியேரி இரண்டு எதிர்பார்ப்புகளைப் பிரித்துக் காட்டுகிறார்: நம்மைப் போன்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று நாம் நினைப்பது ஒன்று, நாம் என்ன செய்ய வேண்டுமென அவர்கள் எதிர்பார்ப்பதாக நாம் நினைப்பது மற்றொன்று. குழந்தைக்கு ஊட்டும் விஷயத்தில் இரண்டாவதற்கே வலிமை அதிகம். இரவில் குழந்தை அழுகிறது. "பால் போதவில்லை போலிருக்கிறது" என்று வீட்டில் மூத்தவர் ஒருவர் சொல்கிறார். பிள்ளையைப் பட்டினி போடுகிறாள் என்ற பேச்சுக்கு அஞ்சித் தாய் புட்டிப்பாலைக் கரைக்கிறாள். குழந்தை உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் சுரக்கும் என்பதால், புட்டியால் வயிறு நிறைந்த குழந்தை மார்பை நாடுவது குறைய, சுரப்பும் குறைந்து, கடைசியில் மூத்தவர் சொன்னது உண்மையாகியே விடுகிறது. இப்படித் தனக்குத் தானே சான்று தேடிக்கொள்ளும் நம்பிக்கையோடு வாதாடி வெல்வது எளிதல்ல.

கொழுகொழுவென்ற குழந்தையே நன்றாக வளர்க்கப்படும் குழந்தை என்ற எண்ணத்துக்கு ஒரு காலத்தில் எடை அட்டையும் துணைபோனது. 1970களில் உருவாகிப் பல நாடுகளில் பரவிய வளர்ச்சி வரைபடம், பெரும்பாலும் புட்டிப்பால் குடித்த குழந்தைகளை அளந்து வரையப்பட்டது. தாய்ப்பால் குழந்தைகள் முதல் சில மாதங்களுக்குப் பின் சற்று மெதுவாகவே எடை கூடுவதால், நலமாக இருந்தும் அதில் பின்தங்கியவர்களாகத் தெரிந்தார்கள். பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 6 நாடுகளில் தாய்ப்பால் குடித்து வளர்ந்த குழந்தைகளைக் கொண்டு 2006இல் புதிய அளவுகோல் வெளியானது. உறவினர்களின் கண்ணளவு மட்டும் இன்னும் பழைய அட்டையிலேயே நிற்கிறது. (அதே கண்ணளவுதான், பிறகு, போதும் என்று முகம் திருப்பும் குழந்தையைத் தட்டு காலியாகும்வரை விடாமல் ஊட்டவும் வைக்கிறது.)

தாய்க்கு மட்டும் ஆலோசனை சொல்லி அனுப்பும் வழக்கத்தில் எனக்குள்ள குறை இதுதான்: முடிவெடுப்பவர்கள் பலர், பதில் சொல்ல வேண்டியவள் ஒருத்தி. தந்தையையும் பாட்டியையும் உடன் அமர்த்திப் பேசினால், ஊர் என்ன சொல்லுமோ என்று ஒவ்வொருவரும் தனித்தனியே அஞ்சிக்கொண்டிருந்தது பெரும்பாலும் முதல் முறையாக வெளியே வரும். அடுத்த எடை பார்க்கும் நாளுக்கு மூவரையும் சேர்த்தே வரச் சொல்ல எந்தப் புதிய திட்டமும் தேவையில்லை.