டிரங்குப் பெட்டி, ஐப்பசி

அக்டோபர் 19

மழை. டிரங்குப் பெட்டியின் சாவி எங்கே என்று அப்பா ஒருத்தருக்குத்தான் தெரியும்.

அக்டோபர் 21

பூட்டை உடைத்தாயிற்று. தேடியது அப்பாவின் ராணுவ டிஸ்சார்ஜ் புக், அது இல்லை. ஒரு கம்பளி, பூச்சி உருண்டை, பித்தளை பேட்ஜ் ஒன்று, ஒரு பச்சைச் சட்டை. பேட்ஜில் இறக்கை வைத்த ஓர் ஆள். அம்மா அதைச் சம்மனசு என்று நினைத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

சட்டைக் கையில் ஒரு கறுப்புத் துணி தைத்திருக்கிறது, அதன்மேல் சிவப்பாக ஒரு பறவை. சாயம் வெளுத்துவிட்டது. கோழி என்றாள் அம்மா. எனக்குக் கிளி மாதிரித் தெரிந்தது. மூன்று பக்கம் மிஷின் தையல், ஒரு பக்கம் மட்டும் கைத்தையல். "அவிய தையல்தான். ஒரு பட்டன்கூட என்னத் தைக்க விட மாட்டாவ."

அக்டோபர் 22

அம்மாவின் பெயரில் ஒரு 'ள்' குறைகிறதாம். அந்த 'ள்' இல்லாமல் குடும்ப பென்ஷன் நகராது. டிஸ்சார்ஜ் புக் வேண்டும், அசல் வேண்டும். இன்றைக்கு மூன்றாவது தடவை. பஸ்ஸில் வரும்போது 'ள்' 'ள்' என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன், பக்கத்திலிருந்த பெண் தள்ளி உட்கார்ந்துவிட்டாள்.

அக்டோபர் 24

சட்டையைப் பையில் போட்டுக்கொண்டு சுபேதார் மாமா வீட்டுக்குப் போனேன். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டு முடிக்கும்வரை மாமா பையைத் தொடவில்லை. அப்புறம் கையைத் துடைத்துவிட்டு, பேட்ஜைத்தான் முதலில் எடுத்தார்.

"இது சம்மனசு இல்ல மக்ளே. சிக்னல்ஸ் படையோட பேட்ஜ். ஜிம்மின்னு சொல்லுவோம்."

அப்பா ஒயர்லெஸ் ஆபரேட்டர் என்பது எங்களுக்குத் தெரியும். தெரிந்ததே அவ்வளவுதான். பறவையைக் கேட்டேன். கோழியும் இல்லை, கிளியும் இல்லை, கழுகு. நாலாவது டிவிஷன். "தொப்பியில இருக்கது எந்தப் படைன்னு சொல்லும், அது மாறாது. எனக்கு மதராஸ் ரெஜிமென்ட், யானை. கையில இருக்கது அப்போ எந்த டிவிஷனுக்குக் கீழ இருந்தான்னு சொல்லும். யூனிட் மாறினா பழசப் பிரிச்சுட்டுப் புதுசத் தைக்கணும்."

அப்படியானால் இந்தக் கழுகை மட்டும் அப்பா ஏன் பிரிக்கவில்லை? "கடைசியா இருந்த இடமா இருக்கும்" என்றார் மாமா. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அக்டோபர் 25

ராத்திரி முழுக்கப் படித்தேன். சிவப்புக் கழுகு டிவிஷன் போட்ட சண்டைகள்: 1941-இல் எரித்ரியாவில் கெரன். 1944-இல் இத்தாலியில் காசினோ. 1962-இல் சீனாவோடு சே லா, அங்கே அடி. 1965-இல் பாகிஸ்தானோடு அசல் உத்தர், அப்துல் ஹமீதுக்குப் பரம்வீர் சக்ரா கிடைத்த சண்டை. எல்லாம் பெரிய பெரிய ஊர்கள், பெரிய பெரிய சாவுகள். அப்பா சேர்ந்தது 1973-இல். இது எதிலும் அவர் இல்லை.

அக்டோபர் 26

டிவிஷனுக்குத் தலைமையிடம் அலகாபாத், இப்போது பிரயாக்ராஜ்.

அப்பாடா. அப்பா சொன்னதும் அலகாபாத்தான். எங்கே இருந்தீர்கள் என்று யார் கேட்டாலும் அலகாபாத். லீவில் வரும்போது செம்பில் கங்கைத் தண்ணீர் கொண்டுவந்தார், வேதக்காரர் வீட்டில் அதை என்ன செய்வது? மேலத்தெரு ஆச்சிக்குக் கொடுத்துவிட்டோம். ஆச்சி சாகிறவரை மூடியை மெழுகால் ஒட்டிப் பத்திரமாக வைத்திருந்தாள். ஆக, பொய் இல்லை.

அக்டோபர் 28

அண்ணன் சவூதியிலிருந்து: "பழச எதுக்குக் கிளறுற? பென்ஷன் வேலையப் பாரு."

அக்டோபர் 29

தூக்கம் இல்லை. இங்கே கடலோரத்தில் எல்லா வீட்டிலும் இலங்கை வானொலி பாடியது. எங்கள் வீட்டில் மட்டும் கிடையாது. முள்ளைத் திருப்பும்போது ஒரு இரைச்சல் வருமே, அது கேட்டாலே அப்பா எழுந்து வந்து அணைப்பார். திட்ட மாட்டார். அணைத்துவிட்டு முற்றத்தில் போய் நிற்பார். பாட்டுப் பிடிக்காது போலிருக்கிறது என்றுதான் நினைத்திருந்தோம். கோயிலில் பாடுகிற மனுஷன்.

நான் பிறந்தது 1988 பிப்ரவரி. அப்பா என்னை முதலில் பார்த்தபோது எனக்கு எட்டு மாதம். கடிதங்களில் ஊர்ப் பெயர் இருக்காது, '56 ஏ.பி.ஓ.' என்ற ராணுவத் தபால் முகவரி மட்டும். எங்கே இருந்தாலும் அதே முகவரி.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். மெழுகுவர்த்தி நிற்கவில்லை, காற்று. சுபேதார் மாமா வாசலில் காத்திருந்தார், நானே கேட்டுவிட்டேன்.

1987 ஜூலையில் இந்திய-இலங்கை ஒப்பந்தம், அக்டோபரில் புலிகளோடு சண்டை. நாலாவது டிவிஷன் போனது வன்னிப் பக்கம், வவுனியா. 1990 மார்ச்சில் கடைசியாகக் கிளம்பியவர்கள் கப்பலில் சென்னைக்கு வந்தபோது வரவேற்க முதலமைச்சர் போகவில்லை. ஏறக்குறைய 1,200 பேர் திரும்பவேயில்லை. "நம்ம பயலுவ ஊருக்கு வந்து வாயத் தொறக்கல. சொன்னா ஒரு கூட்டம் அடிக்க வரும், சொல்லலன்னா உள்ள அரிக்கும்."

அப்பா போனாரா என்று கேட்டேன். "அது புக்குல இருக்கும்."

ஹெட்போனில் இரண்டு பக்கமும் தமிழ் கேட்டிருக்குமா?

நவம்பர் 4

டிஸ்சார்ஜ் புக் கிடைத்தது. மார்த்தாண்டத்தில் மைனியின் அலமாரியில், அண்ணனுடைய சர்டிபிகேட் ஃபைலுக்குள். காலேஜ் சேரும்போது முன்னாள் ராணுவத்தினர் கோட்டாவுக்காக எடுத்துப் போனது. 'ள்' இருக்கிறது. மெடல் பக்கத்தில் கடைசி வரி: விதேஷ் சேவா மெடல், ஸ்ரீலங்கா.

மூலையில் அண்ணனின் பென்சில் கோடு.

நவம்பர் 5

மனு வாங்கிக்கொண்டார்கள். புத்தகத்தில் வேறென்ன எழுதியிருக்கிறது என்று அம்மா கேட்டாள். அலகாபாத் என்றேன்.

நவம்பர் 6

கரண்ட் இல்லை. ரேடியோவுக்கு இரண்டு பேட்டரி வாங்கி வரச் சொல்கிறாள் அம்மா.